டார்கெட் அடிப்பது எப்படி?

டீம் லீடராக இருந்தவரை நீங்கள் திட்டு வாங்குபவர். புராசஸ் மேனேஜர் ஆகிவிட்டால், வாங்கிய திட்டை எட்டு டீம் லீடர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பவர். வாழ்த்துகள். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓஎம்ஆரிலோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில், ஏதோ ஒரு வங்கியின் தமிழ் வாடிக்கையாளர் சேவை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. போன பணம் திரும்பி வர வேண்டும். உங்களுக்கு வேண்டியது வேறு. மாதக் கடைசியில் டேஷ்போர்டில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே புரட்டிவிடலாம்.

முதல் வேலை, இலக்கு வைப்பது. ஹெச்ஆர் உங்களை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பும். அங்கே ‘ஸ்மார்ட்’ என்ற ஐந்தெழுத்து மந்திரத்தை ஓதிக் கொடுப்பார்கள்: இலக்கு துல்லியமாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கெடு இருக்க வேண்டும், இத்தியாதி. 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு மேலாண்மை இதழில் எழுதிய சின்னக் கட்டுரையில் பிறந்த மந்திரம் இது. எல்லா இலக்குக்கும் ஐந்து நிபந்தனையும் பொருந்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எழுதியும் வைத்தார். பயிற்சி வகுப்பு அந்த இடத்துக்கு வருவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும்.

ஆகவே மந்திரத்தில் ‘அளக்கக்கூடியது’ என்ற ஓரெழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃப்ளோரில் தானாக அளக்கப்படுவது எது? விநாடி. போன் எப்போது அடித்தது, எப்போது எடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஹோல்டில் போட்டார்கள், வைத்தபிறகு எவ்வளவு நேரம் குறிப்பு எழுதினார்கள் எல்லாம் இயந்திரமே எண்ணிவிடும். பணம் திரும்பி வந்ததா என்பது மட்டும் வேறு ஊரில், வேறு துறையில், உங்களுக்கு லாகின் இல்லாத ஒரு கணினியில் இருக்கும். அதற்காக மெயில் போட்டு, ஆள் பிடித்து, அனுமதி வாங்கி... எதற்கு? விநாடியே போதும்.

அடுத்து சர்வீஸ் லெவல். பிசினஸ் முழுக்க 80/20 என்றால் புரிந்துகொள்வார்கள்: வந்த அழைப்புகளில் 80 சதவீதத்தை 20 விநாடிக்குள் எடுப்பது. ஏன் 20, ஏன் 25 இல்லை என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர் இன்னும் டீம் லீடராகத்தான் இருக்கிறார்.

இதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1917-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் 100 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடப் பேச்சு. மூச்சு விடாமல் பேசினால் 10 பேர் போதும். ஆனால் அழைப்புகள் ஒன்று முடிந்து ஒன்று என்று வராது, கும்பலாக வரும். எர்லாங் கணக்கில் போட்டுப் பார்த்தால், 14 பேர் உட்கார்ந்தால் 20 விநாடிக்குள் எடுப்பது கிட்டத்தட்ட 89 சதவீதம். 13 பேர் என்றால் 79.6. 11 பேர் என்றால் 39. ஆம், மூன்று பேர் லீவு போட்டால் 89 என்பது 39 ஆகிவிடும். மீதிப் பதினொரு பேரும் தண்ணீர் குடிக்காமல் பேசினாலும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை எந்த மீட்டிங்கிலும் வெளியே விடாதீர்கள். 39 என்பது சோம்பேறித்தனம் இல்லை, கணிதம் என்று தெரிந்துவிட்டால் திட்டுவதற்கு ஆளே கிடைக்காது. ரவுண்ட் ஆஃப் செய்யத் தெரிந்தவருக்கு 13 பேரே போதும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

ஆள் கூட்டாமலேயே இந்த எண்ணை ஏற்றலாம். கடிகாரம் ஓடத் தொடங்குவது வாடிக்கையாளர் நம்பரைப் போட்ட கணத்தில் இல்லை, அவர் க்யூவுக்குள் நுழையும் கணத்தில். அதற்கு முன்பு ஐவிஆர் என்ற பரந்த மைதானம் இருக்கிறது. தமிழுக்கு 1, கார்டுக்கு 2, கடனுக்கு 3, புதிய தங்கக் கடன் சலுகையைக் கேட்டு மகிழ 4, 16 இலக்க எண்ணை அடித்து ஹேஷ் அழுத்தவும், தவறான எண், மீண்டும் அடிக்கவும். நாலு நிமிடம் அங்கே சுற்றிவிட்டு வருபவரைப் பதினெட்டாவது விநாடியில் எடுத்தால் நீங்கள் 20 விநாடிக்குள் எடுத்தவர்தான். நடுவில் வெறுத்துப்போய் வைத்துவிட்டவர் க்யூவுக்கே வரவில்லை. எனவே அவர் கூப்பிடவே இல்லை.

இன்னும் குறைகிறதா? சராசரியைக் கையில் எடுங்கள். காலை 10 மணிக்கு 400 அழைப்பு, அதில் 200-ஐ நேரத்துக்கு எடுத்தீர்கள். நள்ளிரவு தாண்டி 3 மணிக்கு 10 அழைப்பு, பத்தையும் எடுத்தீர்கள். 410-க்கு 210, அதாவது 51 சதவீதம் என்று கணக்குப் போடுபவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தவர். 50-ஐயும் 100-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 75. நைட் ஷிஃப்டுக்குப் பெருந்தன்மையாக ஆள் போடுங்கள்.

இனி ஏஎச்டி. ஒரு அழைப்பைக் கையாள ஆகும் சராசரி நேரம்: பேச்சு, ஹோல்டு, பிறகு குறிப்பு எழுதும் நேரம் மூன்றும் சேர்ந்தது. இலக்கு 300 விநாடி என்று வையுங்கள். இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்செட் மாட்டிக் கேட்டால்தான் அருமை புரியும்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா கூப்பிடுகிறார். ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்கப் போனார். மெஷின் உள்ளே நோட்டை எண்ணும் சத்தம் கேட்டது. நோட்டு வெளியே வரவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது.

“தம்பி, காசு வரலப்பா. சீட்டும் வரல. கணக்குல மட்டும் எடுத்துட்டாங்க.”

“உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது மேடம். சரிபார்ப்புக்காக உங்கள் பிறந்த தேதியைச் சொல்ல முடியுமா?”

“பொறந்தது ஆடி மாசம்ப்பா. ஆதார்ல 1-1-1960-னு போட்டிருக்கும். எதைச் சொல்லட்டும்?”

“வங்கியில் கொடுத்த தேதி மேடம்.”

“வங்கியில என் மக எழுதிக் கொடுத்தா. இருப்பா, அவளைக் கூப்பிடுறேன்.”

மகள் வந்து, தேதி சொல்லி, எந்த ஏடிஎம் என்றால் “பஸ் ஸ்டாண்டு எதிர்க்க, ஜூஸ் கடைக்குப் பக்கத்துல” என்று அடையாளம் சொல்லி முடிக்கும்போது 240 விநாடி. ஏஜென்ட் பையனின் திரையில் மஞ்சள் எரிகிறது. இனிமேல்தான் புகார்ப் படிவம்: தேதி, நேரம், தொகை, ஏடிஎம் எண். அதற்கு இன்னும் நான்கைந்து நிமிடம் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் டீம் லீடர் நிற்பதும் தெரியும்.

“கவலைப்படாதீங்கம்மா, 24 மணி நேரத்துல தானா கிரெடிட் ஆயிடும். வேறு ஏதாவது உதவி தேவையா?”

285 விநாடி. பச்சை.

பணம் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் மறுபடி கூப்பிட்டார். வேறு ஏஜென்ட், மறுபடி ஆடி மாசம், 270 விநாடி. ஆறாம் நாள் மகளே பேசிச் சண்டை போட்டதில் ஒருவழியாகப் புகார் பதிவானது, 310 விநாடி. எட்டாம் நாள் புகார் என்ன ஆயிற்று என்று கேட்டார், 190. கூட்டினால் 1,055 விநாடி, சராசரி 264. இலக்குக்குள் இருக்கிறது. முதல் பையனே நிதானமாக உட்கார்ந்து படிவத்தை நிரப்பியிருந்தால் மொத்தமே 540 விநாடிதான் ஆகியிருக்கும். ஆனால் அவன் ஏஎச்டி சிவப்பாகியிருக்கும், அந்த வாரமே அவனைத் தனி அறையில் உட்கார வைத்து ‘கோச்சிங்’ கொடுத்திருப்பீர்கள்.

இதே நாலு அழைப்பில் எஃப்சிஆரும் வாங்கலாம் என்பதுதான் கலையின் உச்சம். முதல் அழைப்பிலேயே தீர்ந்த பிரச்சினைகளின் சதவீதம் அது. ஒரே வாடிக்கையாளர் ஒரே காரணத்துக்காக ஏழு நாளுக்குள் மறுபடி கூப்பிட்டால் தீரவில்லை என்று கணக்கு. நன்றாகப் படியுங்கள்: ஒரே காரணத்துக்காக. அழைப்பு முடிந்ததும் ஏஜென்ட் ஒரு டிஸ்போசிஷன், அதாவது அழைப்புக்கான காரணம், தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் அழைப்பு, ‘பரிவர்த்தனை விவரம்’. இரண்டாவது, ‘பொதுத் தகவல்’. மூன்றாவது, ‘ஏடிஎம் புகார்’. நாலாவது, ‘புகார் நிலை அறிதல்’. நாலு வெவ்வேறு காரணம், நாலும் முதல் அழைப்பிலேயே தீர்ந்தவை. நூற்றுக்கு நூறு. அந்த அம்மா ஒருவர்தான் தீராமல் இருக்கிறார். அவருக்கு உங்கள் அறிக்கையில் தனிக் கட்டம் கிடையாது.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. இது ஸ்கிரிப்டில் இடம்பெற வேண்டாம். ஒருமுறை சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் நாளை எண்ணத் தொடங்குவார். எண்ணுவது நம் வேலை. 30 நாள் ஆகியும் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் அவர் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. அப்படிப் போய்விட்டால் மனம் கலங்காதீர்கள். அந்த எண் வேறொரு அதிகாரியின் அறிக்கையில் ஏறும். உங்களுடையதில் ‘மூடப்பட்டது’ என்றே இருக்கும்.

தரத்தையும் விட்டுவிடக் கூடாது. க்யூஏ குழு நாலு அழைப்பில் ஒன்றை, அந்த முதல் அழைப்பை, எடுத்துக் கேட்டு மதிப்பெண் போட்டது. வணக்கம் சொன்னாரா, ஆம். சிரமம் புரிகிறது என்றாரா, ஆம். வேறு உதவி தேவையா என்று கேட்டாரா, ஆம். 100-க்கு 96. நாலு மதிப்பெண் எங்கே போனது என்றால், கடைசியில் ‘மேடம்’ என்பதற்குப் பதில் ‘அம்மா’ என்று சொல்லிவிட்டான். படிவத்தில் பணம் வந்ததா என்றொரு கேள்வி இல்லை. அதைச் சேர்க்கலாமே என்று புதிதாகச் சேர்ந்த ஆடிட்டர் யாராவது கேட்டால், அது ‘அவுட் ஆஃப் ஸ்கோப்’ என்று கனிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

என்பிஎஸ் தமிழ்நாட்டில் கொஞ்சம் சிக்கலான சமாச்சாரம். 2003-இல் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிப் பிரபலமாக்கியது. எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து 10-க்குள் மார்க் போடுங்கள். 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 கணக்கில் சேராது. ஆறும் அதற்குக் கீழும் எதிரி. ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிரி சதவீதத்தைக் கழித்தால் வருவது என்பிஎஸ். அறுபது எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்த ஊரில் இதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நம் ஏஜென்டின் உச்சரிப்பில் மனம் குளிர்ந்து, நன்றாகப் பேசினாய் தம்பி என்று வாழ்த்தி, 10-க்கு 6 போடுவார். அவர் ஆயுளில் ஒருவருக்கு அவ்வளவு போட்டதே பெரிது. உங்கள் திரையில் அவர் எதிரி. நூறு பேர் ஆளுக்கு 8 போட்டால் உங்கள் என்பிஎஸ் பூஜ்யம்; ஆளுக்கு 6 போட்டால் மைனஸ் 100.

தீர்வு எளிது. வாடிக்கையாளரை மகிழ்விக்க வேண்டாம், சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள்: “சார், சர்வே வரும், 10 அழுத்துங்க. 9-க்குக் கீழ போட்டா எனக்கு இன்சென்டிவ் கட்.” நம் மக்கள் இரக்கமுள்ளவர்கள், போட்டுவிடுவார்கள். கோபமாக இருப்பவரை சர்வேக்கு மாற்றாமலே போனை வைத்துவிட ஏஜென்டுகள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பயிற்சிச் செலவு கிடையாது.

கிளையன்ட், அதாவது அந்த வங்கியின் ஆள், ஒருநாள் சேவை அழைப்பில் விற்பனை இலக்கும் வைப்பார். காணாமல்போன 5,000 ரூபாயைத் தேடி வந்த அம்மாவிடம் கிரெடிட் கார்டு விற்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் உயரம் பார்த்து ஏறுங்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு என்று இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டியது. ஊழியர்கள் இலக்கை எட்டினார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து எட்டினார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, 5,300 பேர் அளவில் வேலை போயிருந்தது, அடுத்த மாதம் தலைமை நிர்வாகியும் விலகினார். ஊழியர்கள் முதலில் போனார்கள், தலைவர் பிறகு போனார் என்ற வரிசையைக் கவனியுங்கள். நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் சேர்த்து எண்ணப்படுவார் என்பது முன்கூட்டித் தெரியாது.

கண்காணிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோர் நடுவே பெரிய டிவி. மணிக்கொரு தடவை வாட்ஸப் குழுவில் ஸ்க்ரீன் ஷாட், சிவப்பில் இருப்பவர் பெயரைச் சுற்றி வட்டம். பாத்ரூம் போவதற்கு, ஏன் போனை விட்டு எழுந்தாய் என்று பதியும் ஒரு ஆக்ஸ் கோடு, அதற்கு ஒரு விநாடிக் கணக்கு. இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒன்பது நிமிடம் எங்கே போனாய் என்பதற்கு ஆண் டீம் லீடரிடம் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். வேடிக்கைக்காகக்கூட எனக்கு இதை உபாயமாக எழுத மனம் வரவில்லை, நடக்கிறது, அவ்வளவுதான்.

சில மேனேஜர்களிடம் ஒரு தீய பழக்கம் உண்டு. காலையில் ஏஎச்டி ரிப்போர்ட்டைத் திறக்காமல், ஒரு வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் கூப்பிட்டவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்வார்கள். டிஸ்போசிஷன் என்ன போட்டிருந்தாலும் சரி, போன் நம்பர் ஒன்றுதானே. அதில் முதல் பத்துப் பேருக்கு என்ன ஆயிற்று என்று பேக் ஆபீஸைத் துரத்துவார்கள். நேரம் பார்க்காமல் பேசு, முதல் அழைப்பிலேயே படிவத்தை நிரப்பு என்று ஏஜென்டிடம் சொல்வார்கள். முதல் மாதம் அவர்களுடைய ஏஎச்டி 420-க்குப் போய்விடும். அதைத் தாக்குப்பிடித்து நாற்காலியில் இருந்தால், போகப் போகத் திரும்ப வரும் அழைப்புகள் குறையும், க்யூ குறையும், பையன்கள் வேலையை விட்டு ஓடுவதும் குறையும். அமெரிக்காவில் ஸாப்போஸ் என்ற செருப்புக் கடை ஏஜென்டுகளுக்கு நேர வரம்பே வைக்காமல், பத்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட அழைப்பைப் பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டது.

ஆனால் அவர்கள் சொந்தக் கடையை நடத்துபவர்கள். நீங்கள் அடுத்தவர் கடைக்கு போன் எடுப்பவர். உங்கள் கம்பெனி கிளையன்டுக்கு நிமிடக் கணக்கில் பில் போடுகிறது என்றால், 1,055 விநாடிக்குப் பில் போட வேண்டிய இடத்தில் 540 விநாடிக்குப் போட வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் பிரச்சினையைத் தீர்த்ததற்காக வருமானம் பாதியாகிவிட்டது என்ற செய்தியை ஃபைனான்ஸ் தலைவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு இருப்பவர்கள் மட்டும் அந்தப் பட்டியலைத் திறக்கலாம்.

மற்றவர்கள் அடுத்த காலாண்டைப் பாருங்கள். இந்தக் காலாண்டில் 88 காட்டினால் அடுத்ததற்கு இலக்கு 90 ஆகும். ஆகவே 81-இல் நிறுத்தப் பழகுங்கள். நவம்பர், டிசம்பரில் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும், கேப் வராது, 14 பேரில் 11 பேர்தான் உட்காருவார்கள், எண் 39-க்குப் போகும். கிளையன்ட் ஆர்சிஏ, அதாவது மூலகாரண அறிக்கை, கேட்பார். அதற்குக் கைகொடுப்பது, ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணம் கண்டுபிடிக்கும் டொயோட்டா முறை. ஐந்து கட்டம் போட்ட படிவத்தை இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் லெவல் ஏன் விழுந்தது? ஆள் குறைவு. ஏன் குறைவு? மழை, கேப் தாமதம். இத்துடன் பேனாவை மூடிவிடுங்கள். மழைக்கு முன்பே மூன்று சீட் ஏன் காலியாக இருந்தது என்பது மூன்றாவது கேள்வி. விட்டுப்போனவர்கள் இடத்தில் ஏன் ஆள் எடுக்கவில்லை என்பது நாலாவது. ஐந்தாவது கேள்விக்கு வர வேண்டிய பதில், அந்த ரிவ்யூ மீட்டிங்குக்கு உங்களை அழைத்தவரின் பெயர்.